உரம் காணாத மண்ணும் கோதுமையின் மரபணுக்களும்

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற ஊரில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் ‘பிராட்பாக்’ வயலில் ஒரு துண்டு நிலம் 1843 முதல் ஒரு கைப்பிடி உரம்கூடக் கண்டதில்லை. தொழுவுரமும் கிடையாது, மூட்டை உரமும் கிடையாது. இருந்தும் ஏறக்குறைய ஆண்டுதோறும் அங்கே கோதுமை விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள், எடைபோட்டு எழுதிவைக்கிறார்கள். விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவிலேயே நிற்கிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு 400 கிலோ. அதே வயலில் போதிய உரம் இட்டு, மாற்றுப் பயிருக்குப் பிறகு விதைத்த கோதுமை 9 டன்னுக்கு மேலும் தந்திருக்கிறது.

இந்தச் சோதனையைத் தொடங்கியவர்கள் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர். அந்தக் காலத்தில் ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக் ஒரு வாதத்தை முன்வைத்திருந்தார். பயிருக்குத் தேவையான நைட்ரஜன் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் கிடைத்துவிடும், விவசாயி மண்ணில் சேர்க்க வேண்டியது தாது உப்புகளை மட்டுமே என்பது அவர் கருத்து. லாஸும் கில்பர்ட்டும் ஒரு துண்டில் தாது உப்புகளை மட்டும் இட்டார்கள். கோதுமை ஏறவே இல்லை. அம்மோனியம் உப்பைச் சேர்த்தார்கள். பயிர் கருகருவென்று எழுந்தது. கோதுமையின் கையைக் கட்டிவைத்திருப்பது தழைச்சத்து எனும் நைட்ரஜன்தான் என்று அந்த வயல் தீர்ப்புச் சொன்னது.

என்னை ஈர்ப்பது உரமிட்ட துண்டின் 9 டன் அல்ல, உரமிடாத துண்டின் ஒரு டன். ஒரு டன் தானியத்தில் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் இருக்கும். யாரும் கொடுக்காத அந்த 20 கிலோவை அந்தப் பயிர் ஆண்டுதோறும் எங்கிருந்தோ திரட்டிவிடுகிறது. மக்கிய வேர்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது கொஞ்சம், மழையோடு இறங்குவது கொஞ்சம், ஈர மண்ணின் மேல் படரும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து பிடித்துத் தருவது கொஞ்சம். இப்படித் துளித்துளியாக வருவதைச் சேர்த்து, வேர் விட்டு, இலை விரித்து, கதிர் வாங்கி, முளைக்கக்கூடிய மணியை முற்றச் செய்கிறது. இதற்கு வேண்டிய அறிவு கோதுமையின் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில், ஒரு கோதுமைச் செடிக்கு நைட்ரஜன் எதற்கு? இலையிலிருக்கும் நைட்ரஜனில் முக்கால் பங்கு பசுங்கணிகங்களுக்குள், ஒளிச்சேர்க்கை நடத்தும் புரதங்களில் அடங்கியிருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற ஒரே நொதிக்கே இலையின் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஆகவே நைட்ரஜன் குறைந்தால் பச்சை குறையும், பச்சை குறைந்தால் மாவுச்சத்து குறையும். அடி இலைகள் வெளிறி மஞ்சளாவதை எந்த விவசாயியும் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார். அந்த மஞ்சள் வெறும் நோய்க்குறி இல்லை. கீழே நிழலில் கிடக்கும் பழைய இலையைக் கரைத்து, அதன் நைட்ரஜனை வெயில் படும் இளம் இலைக்கு மாற்றும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது. செடி முடிவெடுத்திருக்கிறது.

இப்படிப் பல முடிவுகள் இருக்கின்றன. வேருக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு? எத்தனை தூர் கட்டுவது? இலையை எப்போது கைவிடுவது? ஒரே செடி தன் ஆயுளுக்குள் பற்றாக்குறைக்குத் தக்கபடி இவற்றை மாற்றிக்கொள்கிறது. அது அந்தச் செடியோடு முடிந்துவிடும். மரபியல் தகவமைப்பு என்பது வேறு. எவ்வளவு பற்றாக்குறை வந்தால் எந்த முடிவை எடுப்பது என்ற அளவுகோலே தலைமுறை தலைமுறையாக நகர்வது அது. தழைச்சத்துக் குறைவைத் தாங்கும் மரபணு என்று தனியாக ஒன்றைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். எல்லாக் கோதுமையிலும் ஏறக்குறைய அதே மரபணுக்கள்தான் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடும் பகுதிகளில் சில எழுத்துகள் வேறுபடுகின்றன, சில பிரதிகள் பழுதாகியிருக்கின்றன. ஒரு மண்ணில் வாழவைத்த அளவுகோல் வேறொரு மண்ணில் இடைஞ்சலாகலாம். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கதைகளுக்கும் அடியில் இந்த ஒரு செய்திதான் இருக்கிறது.

வேரிலிருந்து தொடங்கலாம். மண்ணில் நைட்ரேட் ஒருநாள் போல் மறுநாள் இருப்பதில்லை. மேலுரம் இட்ட மறுவாரம் நிறைந்து கிடக்கும், ஒரு பெருமழைக்குப் பிறகு வழித்தெடுத்ததுபோல் காலியாகிவிடும். ஏராளமாக இருக்கும்போது அள்ளுவதற்கும், அரிதாக இருக்கும்போது பொறுக்குவதற்கும் வேரின் செல் சவ்வில் வெவ்வேறு கடத்திப் புரதங்கள் உண்டு. அவற்றுள் முதலில் சிக்கியது ஒரு நச்சு உப்பின் உதவியால். குளோரேட் என்ற உப்பை நைட்ரேட் என்று எண்ணிச் செடி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே அது குளோரைட்டாக மாறிச் செடியைக் கொல்லும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் விதைகளை ஆய்வாளர்கள் குளோரேட்டில் வளர்த்தபோது சில மட்டும் பிழைத்தன. நைட்ரேட்டை இழுக்கும் வாசல் பழுதானவை அவை. அந்த வாசலுக்குரிய மரபணுவை 1993-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் யீ-ஃபாங் சாய், நைஜல் கிராஃபோர்டு குழுவினர் பிரித்தெடுத்தார்கள். என்ஆர்டி1.1 என்று அதை அழைக்கிறார்கள்.

பிறகு தெரியவந்ததுதான் இன்னும் வியப்பானது. நைட்ரேட் குறையும்போது இந்தப் புரதத்தின் 101-ஆவது அமினோ அமிலத்தின் மேல் ஒரு பாஸ்பேட் குழு ஏறி உட்காருகிறது. உடனே அள்ளும் வாசல் பொறுக்கும் வாசலாக மாறிவிடுகிறது. பற்றாக்குறை நீடித்தால் என்ஆர்டி2 குடும்பத்தைச் சேர்ந்த கூர்மையான கடத்திகளை வேர் கூடுதலாக உருவாக்குகிறது. கோதுமையிலும் இந்தக் குடும்பங்கள் இரண்டும் உண்டு, அதுவும் பெருங்கூட்டமாக.

ஒரு வேர் வெறும் மண்ணில் மாட்டிக்கொண்டால் என்ன செய்யும்? ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் யோஷிகட்சு மட்சுபயாஷியின் குழு 2014-இல் இதற்கு விடை சொன்னது. அரபிடாப்சிஸின் வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நைட்ரேட் கொடுத்து மறுபாதியைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். பட்டினி கிடந்த வேர், 15 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத் துண்டை நீரோட்டத்தோடு மேலே அனுப்பியது. இலை அதைப் பெற்றுக்கொண்டு வேறொரு செய்தியைக் கீழே எல்லா வேர்களுக்கும் இறக்கியது. நைட்ரேட் உள்ள இடத்தில் இருந்த வேர்கள் அதைக் கேட்டுத் தங்கள் என்ஆர்டி2 வாசல்களைப் பெருக்கின. இல்லாத இடத்தில் இருக்கும் வேருக்காக, இருக்கும் இடத்து வேர் கூடுதலாக உழைக்கிறது. மூளையும் நரம்பும் இல்லாத ஓர் உயிர் தன் முழு உடலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

கோதுமையில் இந்த வலைப்பின்னலைத் தூண்டும் புரதங்களுள் ஒன்றின் மரபணு 5ஏ குரோமோசோமில் இருக்கிறது. நைட்ரேட்டைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் இதற்கு டிஏ-என்ஏசி2 என்று பெயர். பெய்ஜிங்கில் டொங் யீபிங் குழு 2015-இல் இதன் அளவைக் கூட்டிப் பார்த்தபோது வேர் வளர்ச்சியும் நைட்ரேட் உறிஞ்சலும் விளைச்சலும் ஏறின. கோதுமையில் இப்படி ஒரு மரபணுவைத் தனியாகப் பிடித்து ஆராய்வது மற்றப் பயிர்களைவிடக் கடினம். ரொட்டிக் கோதுமை மூன்று புல் இனங்கள் சேர்ந்து உருவானது. அதனால் ஏ, பி, டி என்று மூன்று மரபணுத் தொகுதிகளை, மொத்தம் 42 குரோமோசோம்களை, ஒரே செல்லில் சுமக்கிறது. மரபணுத் தொகுதி முழுவதையும் ஒழுங்காக எழுதி முடிக்க 2018 வரை ஆனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதில் எண்ணப்பட்டன. பெரும்பாலான மரபணுக்களுக்கு மூன்று பிரதிகள் உண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றவை ஈடுகட்டும். பழுது வெளியே தெரியாமலே தலைமுறைகளைக் கடந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேர் நைட்ரேட்டைக் கண்டால் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் மேலே ஏறி மொட்டுகளைத் தட்டி எழுப்பும். தூர்கள் வெடிக்கும். பசி வந்தால் அந்த ஹார்மோன் குறையும், மொட்டுகள் உறங்கும். மண் ஏழையாக இருக்கும்போது பத்துத் தூர் கட்டிப் பத்தையும் பாதியில் விடுவதைவிட இரண்டு கட்டி இரண்டையும் முற்றவைப்பது செடிக்கு லாபம். இந்த இடத்தில் மண்ணுக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவை உலக வரைபடத்தில் வைத்துக் காட்டியது கோதுமை அல்ல, நெல். சீன அறிவியல் கழகத்தில் சூ செங்காய் குழு, உலகின் பல பகுதிகளில் முற்காலத்தில் பயிரான 110 நெல் ரகங்களை எடுத்து, தழைச்சத்து கூடும்போது எந்த ரகம் எவ்வளவு தூர் கட்டுகிறது என்று பார்த்தது. டிசிபி19 என்ற மரபணுவுக்கு முன்னே உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் 29 எழுத்துகள் இருக்கின்றனவா இல்லையா என்பதே முக்கிய வேறுபாடாக வந்தது. கிடைக்கும் தழைச்சத்தைக் கொண்டு நன்றாகத் தூர் கட்டும் வடிவம் காட்டு நெல்லிலும், தழைச்சத்து குறைந்த மண்ணுள்ள பகுதிகளின் ரகங்களிலும் அதிகம். உரம் தாராளமாகப் புழங்கும் இடங்களின் நவீன ரகங்களில் அது பெரும்பாலும் இல்லை. 2021-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அந்தப் பழைய வடிவத்தை நவீன ரகங்களுக்குள் மீண்டும் கொண்டுவந்தபோது, குறைந்த உரத்தில் நைட்ரஜனைப் பயன்படுத்தும் திறன் 20 முதல் 30 சதவீதம் உயர்ந்தது.

உரம் தாராளமானபோது ஒரு மரபணு வடிவம் வேண்டாததாகிப் போனது என்ற கதை கோதுமையில் இன்னும் பெரிதாக நடந்தது. பசுமைப் புரட்சி என்று நாம் அறிந்தது அதைத்தான்.

பழைய கோதுமை ரகங்கள் நெட்டையானவை. யூரியா இட்டால் இன்னும் உயர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானில் 1935-இல் வெளியான நோரின் 10 என்ற குட்டை ரகம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து மெக்சிகோவில் நார்மன் போர்லாக்கின் கைக்கு வந்தது. அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமையில் லெர்மா ரோஹோ 64, சோனோரா 64 விதைகளை 1966-இல் இந்தியா 18,000 டன் வாங்கியது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லியில் இருந்துகொண்டு அதற்காக வாதாடினார். கல்யாண் சோனா, சோனாலிகா என்ற பெயர்கள் பஞ்சாபின் வயல்களை நிறைத்தன. பஞ்சம் வரும் என்று உலகம் எதிர்பார்த்த நாட்டில் தானியக் கிடங்குகள் நிரம்பின. அந்தச் சாதனையை நான் ஒரு இம்மியும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குட்டையாக்கிய அந்த மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது 1999 வரை தெரியாது. நார்விச்சில் ஜான் இன்ஸ் மையத்தில் நிக்கோலஸ் ஹார்பர்டின் குழு அதைக் கண்டுபிடித்தது. செடியின் வளர்ச்சிக்குத் தடை போடும் ‘டெல்லா’ என்ற புரதங்கள் உண்டு. ஜிப்பெரெல்லின் ஹார்மோன் வந்தால் அவை அழிந்துபோகும், செடி நீளும். நோரின் 10-இன் வழிவந்த ரகங்களில் டெல்லாவின் ஒரு பகுதி மாறியிருப்பதால் ஹார்மோன் வந்தாலும் அது அழிவதில்லை. தடை எப்போதும் போட்டபடியே இருக்கிறது, தண்டு குட்டையாகவே நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால் டெல்லா தண்டை மட்டும் தடுப்பதில்லை. பெய்ஜிங்கில் ஃபூ ஷியாங்டொங் குழு, ஹார்பர்டோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. ஜிஆர்எஃப்4 என்ற புரதம் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் உறிஞ்சும் மரபணுக்களையும், உறிஞ்சியதை அமினோ அமிலமாக மாற்றும் மரபணுக்களையும், இலையின் கரிமச் சேகரிப்பையும் ஒன்றாகத் தூண்டுகிறது. டெல்லா அதன் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதாவது சாயாமல் நிற்பதற்காகத் தேர்ந்தெடுத்த அதே மாற்றம் பயிரின் பசியுணர்வையும் மந்தப்படுத்திவிட்டது. உரத்தைக் கொட்டும்வரை இது கண்ணுக்குத் தெரியாது, மந்தமான வேரும் நிறைந்த மண்ணில் போதிய அளவு எடுத்துவிடும். உலகத் தானியப் பயிர்களுக்கு இடும் நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குதான் தானியத்துக்கு வந்து சேர்கிறது என்று 1999-இல் ஒரு மதிப்பீடு சொன்னது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று குட்டை ரகங்களின் மரபணுவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஜிஆர்எஃப்4-இன் அளவைக் கூட்டியபோது நெல்லும் கோதுமையும் குட்டையாகவே நின்றபடி கூடுதல் நைட்ரஜனை எடுத்தன. அதற்கு ஐந்தாண்டு கழித்து, 2023-இல், சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் நீ ஜொங்ஃபூ குழு இன்னொரு வழியைக் காட்டியது. ஹெங் 597 என்ற ரகத்தில் டெல்லா மரபணுவின் பிரதி ஒன்று அமைந்த துண்டே குரோமோசோமிலிருந்து உதிர்ந்துபோயிருக்கிறது. தடை போனால் செடி நெட்டையாக வேண்டும். ஆனால் அதே துண்டோடு பக்கத்து மரபணு ஒன்றும் போய்விட்டது. அது பிராசினோஸ்டீராய்டு என்ற வேறொரு வளர்ச்சி ஹார்மோனின் செய்தியைப் பரப்ப உதவுவது. அந்தச் செய்தி குறைந்ததால் தண்டு நீளவில்லை. உயரம் அடங்கியது, டெல்லாவின் தடை இல்லாததால் நைட்ரஜனைப் பயன்படுத்தும் திறனும் மணியின் எடையும் கூடின.

இனி உறிஞ்சிய நைட்ரஜன் எப்படிக் கதிருக்குப் போகிறது என்று பார்ப்போம். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கோதுமை மணியில் சேரும் நைட்ரஜனின் பெரும்பங்கு பூக்கும் முன்பே செடிக்குள் வந்துவிட்டது. இலையிலும் தண்டிலும் புரதமாக உழைத்துவிட்டு, கடைசியில் கதிருக்கு ஏறுகிறது. ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது உத்திரமும் சட்டமும் கதவும் முறியாமல் கழற்றி, புது வீட்டுக்கு எடுத்துச்செல்வோம் இல்லையா, இலை பழுப்பது அப்படிப்பட்ட வேலை. எப்போது பிரிக்கத் தொடங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் பிரித்தால் புரதம் முழுவதும் கதிருக்குப் போகும், ஆனால் இலை வேலை செய்யும் நாள் குறைந்து மாவுச்சத்து குறையும். தாமதித்தால் மணி பருக்கும், புரதம் வைக்கோலிலேயே தங்கிவிடும்.

இந்தக் கடிகாரத்தின் ஒரு முள் காட்டுக் கோதுமையில் கிடைத்தது. 1906-இல் ஆரோன் ஆரோன்சோன் என்ற தாவரவியலாளர், அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்த ரோஷ் பினா ஊரருகே, பாறை இடுக்குகளில் தானாக முளைத்து நின்ற காட்டு எம்மர் கோதுமையைக் கண்டார். நாம் பயிரிடும் கோதுமைகளின் மூதாதை அது. உரமும் பாசனமும் இல்லாத, கோடை தொடங்கியதும் காய்ந்துவிடும் மலைச்சரிவுகள் அதன் வீடு. நூறு ஆண்டு கழித்து, 2006-இல், கிறிஸ்டோபல் உவாயி, ஹோர்கே டுப்கோவ்ஸ்கி, ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ட்ஸியான் ஃபாஹிமா உள்ளிட்டோர் காட்டு எம்மரின் 6பி குரோமோசோமிலிருந்து என்ஏஎம்-பி1 என்ற மரபணுவை வெளியே கொண்டுவந்தார்கள். இலையின் முதுமையை முடுக்கி, அதிலுள்ள நைட்ரஜனையும் இரும்பையும் துத்தநாகத்தையும் கதிருக்கு ஏற்றுவது அதன் வேலை. இந்தக் குடும்பத்து மரபணுக்களின் அளவை ரொட்டிக் கோதுமையில் குறைத்துப் பார்த்தபோது, இலைகள் மூன்று வாரத்துக்கும் மேல் கூடுதலாகப் பச்சையாக நின்றன. மணியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் 30 சதவீதத்துக்கு மேல் சரிந்தன.

இன்றைய கோதுமை ரகங்கள் பெரும்பாலானவற்றில் என்ஏஎம்-பி1 செத்துக் கிடக்கிறது. சிலவற்றில் நடுவே ஒரே ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்து வாசகத்தையே குலைத்திருக்கிறது, சிலவற்றில் மரபணு முழுவதுமே காணோம். மற்றப் பிரதிகள் ஏ, டி தொகுதிகளிலும் வேறு குரோமோசோம்களிலும் இருப்பதால் பயிர் சமாளித்துக்கொண்டது. முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நீண்ட பருவமும் நல்ல மண்ணும் உள்ள வயலில், இலை தாமதமாகப் பழுக்கும் செடியின் மணி பெரிதாக இருந்திருக்கும். விவசாயிகள் பெரிய மணியை விதைக்கு எடுத்துவைத்திருப்பார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 1862-இல் லண்டனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் வைத்த தானிய மாதிரிகளை ஸ்வீடன் ஆய்வாளர்கள் எடுத்து, அவற்றின் மரபணுவைப் படித்து 2010-இல் வெளியிட்டார்கள். உயிருள்ள என்ஏஎம்-பி1 கொண்ட ரொட்டிக் கோதுமை அவற்றுள் இருந்தது. பிறகு ஸ்காண்டிநேவிய நாடுகளின் நாட்டு ரகங்களிலும் அது கிடைத்தது. வடக்கே கோடை குறுகியது. இலை விரைந்து பழுத்துக் கதிரை முற்றச் செய்யாவிட்டால் பனி வந்துவிடும். ஆகவே தெற்கே தேய்ந்த மரபணு வடிவம் அங்கே தங்கிவிட்டது. கனடாவின் லில்லியன் போன்ற ரகங்களில் காட்டு எம்மரின் இந்தத் துண்டு இப்போது திரும்ப ஏறியிருக்கிறது, புரதம் மிகுந்த ரொட்டி மாவுக்காக.

இதையெல்லாம் படிப்பவர்கள், பழைய ரகங்களே ஏழை மண்ணுக்கு ஏற்றவை, நவீன ரகங்கள் உரம் இல்லாமல் பிழைக்காதவை என்ற முடிவுக்குத் தாவிவிடுவது இயல்பு. இயற்கை வேளாண்மை மேடைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். அக்கறையோடு சொல்லப்படும் கருத்து என்றாலும், அளந்து பார்த்த வயல்கள் அதை ஆமோதிக்கவில்லை. ஜெர்மனியில் காய் வோஸ்-ஃபெல்ஸ், ராட் ஸ்னோடன் குழு, மேற்கு ஐரோப்பாவில் ஐம்பது ஆண்டுகளில் வெளியான 191 கோதுமை ரகங்களை உரம் நிறைந்த வயலிலும் குறைந்த வயலிலும் அருகருகே விதைத்துப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. குறைந்த உரத்திலும் புதிய ரகங்களே முந்தின. மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் 1950 முதல் 1985 வரை வெளியான ரகங்களை வைத்து இவான் ஓர்டிஸ்-மொனாஸ்டெரியோ செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி. விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கும்போது நோய் தாங்கும் மரபணுக்களும், கதிருக்குக் கூடுதல் பங்கு தரும் மரபணுக்களும், உறுதியான தண்டும் சேர்ந்து திரண்டன. அவை எந்த மண்ணிலும் கைகொடுக்கும். அந்தத் திரட்சியினூடே, ஏழை மண்ணுக்கென்றே அமைந்த சில நல்ல வடிவங்கள் கவனிப்பாரின்றி விடுபட்டன. ரகம் முன்னேறியதும் உண்மை, மரபணு வடிவங்கள் விடுபட்டதும் உண்மை. விடுபட்டதற்கு யாரும் திட்டமிட்டுக் காரணமில்லை. உரம் குறைந்த சோதனை வயலில் மண் சீராக இருப்பதில்லை. முந்தைய போகத்தில் பயறு விதைத்த மூலையும், எரு குவித்த இடமும் பயிரைத் தூக்கிக் காட்டும், எது மண்ணின் குணம், எது மரபணுவின் குணம் என்று பிரிப்பது கடினம். உரம் தாராளமாக இட்டால் வயல் சமனாகும், ரகங்களுக்கிடையே வேறுபாடு துலங்கும். அதனால் உலகெங்கும் தேர்வு வயல்கள் வளமான வயல்களாகவே இருந்தன. அங்கே சிக்கனத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை.

விடுபட்டவற்றைத் தேட நல்லதொரு விதைப் பெட்டகம் இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆர்தர் வாட்கின்ஸ் 1920-களிலும் 30-களிலும் 32 நாடுகளிலிருந்து நாட்டுக் கோதுமை விதைகளைத் திரட்டினார். இந்தியாவும் அவற்றில் உண்டு. சந்தையிலும் வயலிலும் விவசாயிகள் கையாண்ட விதைகள் அவை. 827 ரகங்கள் நார்விச்சில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 2024-இல் ஷென்ஜெனின் செங் ஷிஃபெங், நார்விச்சின் சைமன் கிரிஃபித்ஸ் குழுவினர் அவை அனைத்தின் மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தார்கள். அவை ஏழு மூதாதைக் குழுக்களாகப் பிரிந்தன. இன்றைய ரகங்கள் பெரும்பாலும் அந்த ஏழில் இரண்டின் வழிவந்தவை. மீதி ஐந்து குழுக்களின் விதைகள் குளிரறையில் தூங்கிக்கொண்டிருந்தன. நைட்ரஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பண்புகளையும் இப்போது அவற்றில் தேடுகிறார்கள்.

ஆனால் பயிரிடும் கோதுமை ரகங்களில் பெரும்பாலும் காணக் கிடைக்காத ஒரு பண்பும் உண்டு. மண்ணில் அம்மோனியமாக இருக்கும் நைட்ரஜன், களிமண்ணின் எதிர் மின்னூட்டத்தில் ஒட்டிக்கொண்டு தங்கும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கின்றன. நைட்ரேட்டும் எதிர் மின்னூட்டம் கொண்டது. களிமண் அதைப் பிடித்துவைக்காது, மழையோடு கீழே இறங்கிக் கிணற்று நீரில் கலந்துவிடும். ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறும், அது கரியமில வாயுவைப்போல் 270 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. கடலோர மணலில் வளரும் லைமஸ் ரசெமோசஸ் என்ற காட்டுப் புல், வேரிலிருந்து சில சேர்மங்களைக் கசியவிட்டு அந்த பாக்டீரியாக்களின் கையை மடக்குகிறது. மணலில் நைட்ரஜன் அரிது, கிடைத்ததை ஓடவிடாமல் தன் வேரடியில் நிறுத்திக்கொள்வது அதன் வாழ்வுமுறை. இதுவரை பார்த்த தகவமைப்புகள் எல்லாம் செடியின் உடலுக்குள் நடப்பவை. இந்தப் புல்லோ தன்னைச் சுற்றியுள்ள மண்ணையே தனக்கேற்ப மாற்றிக்கொள்கிறது.

கோதுமைக்கு இந்தப் புல் தூரத்து உறவு என்பதால், பொறுமையாக முயன்றால் கலப்புச் செய்ய முடியும். ஜப்பானில் ட்சுஜிமோட்டோ, கிஷீ ஆகியோர் தொடங்கிவைத்த கலப்புகளிலிருந்து, ட்சுகுபாவில் ஜிர்காஸ் நிறுவனத்தின் ஜி.வி. சுப்பாராவ் குழு, மெக்சிகோவின் சிமிட் நிறுவனத்தோடு சேர்ந்து, அந்தப் புல்லின் ஒரு குரோமோசோமின் குறுங்கையைக் கோதுமையின் 3பி குரோமோசோமில் குறுங்கை இருந்த இடத்தில் பொருத்தியது. முனல் என்ற உயர் விளைச்சல் ரகத்தில் இதைக் கொண்டுவந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேரடி மண்ணில் அம்மோனியம் கூடுதலாகத் தங்கியது, நைட்ரேட்டும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைந்தன. உரம் குறைவாக இட்ட வயலில் விளைச்சல் ஏறியது, மணியின் புரதம் குறையவில்லை.

கங்கைச் சமவெளியில் பயிராகும் இந்திய ரகங்களுக்குள் இந்தக் கையைக் கொண்டுவரும் பணியில் ஜப்பானிய, இந்திய நிறுவனங்கள் இப்போது சேர்ந்து ஈடுபட்டிருக்கின்றன. திரும்பத் திரும்ப இந்திய ரகத்தோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் புல்லின் அந்தக் கை உள்ள செடிகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். கதிரைப் பார்த்தோ உயரத்தைப் பார்த்தோ இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. செடியின் வேரைத் தோண்டி, வேரோடு ஒட்டிய மண்ணை உதிர்த்து, அதில் எவ்வளவு அம்மோனியம், எவ்வளவு நைட்ரேட் என்று அளந்து பார்த்தால் எந்தச் செடி அந்தப் புல்லின் குணத்தைப் பெற்றிருக்கிறது என்பது தெரியும்.